மூன்று யூனிட்

மீட்டர் பார்க்கப் போகிறவனுக்கு
எல்லா வீட்டுச் சுவரும் தெரியும்.
பெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கும்.
படங்களையும் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

ராம்சந்த் இறக்கத்தில்
ஸ்டெல்லா புஷ்பம் லைனிங் துணியில் வரைந்த கோழிகள்.
வர்க்கி சுடும் ஷாஹுல்
அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் வரைந்த அடுப்புவாய்;
நெய்க்கறை படிந்த இடத்தில் மட்டும் வெளிச்சம்.
அதை வேண்டுமென்றே விட்டிருந்தார்.
போஜராஜுக்கு அரை ஏக்கர் தேயிலை, ஒரு பெட்டி போஸ்டர் கலர்.
யோகேஸ்வரி கரியால் வரைவாள்.
கேட்டால், பிள்ளை கிறுக்கினது என்பாள்.
பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

நானும் வரைவேன்,
பழைய மீட்டர் அட்டைகளின் முதுகில்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாட்டினால் என்ன
என்று கேட்டது நான்தான்.
கேட்ட பாவத்துக்கு
கோத்தகிரியில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை.

இடம் கிடைத்தது: மூடிக்கிடந்த டீ ஃபாக்டரியின் மாடி,
இலை வாட்டுகிற கம்பிவலைகள் நீளநீளமாய்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் முதலாளி.
துணிக் க்ளிப் வாங்கினோம், நூற்றிருபது.
வலையைத் தூக்கி நிறுத்தி
கொடியில் உலர்த்துவதுபோல மாட்டினோம்.
ஜன்னலோரம் எனக்கு, எனக்கு என்று எல்லோரும்.
முதல்நாள் ராத்திரி மஞ்சு உள்ளே வந்து
போஜராஜின் வானத்தைப் புல்வெளிவரை வழியவிட்டது.
பிறகு ஜன்னலோரத்தை யாரும் கேட்கவில்லை.

விலை எழுதச் சொன்னதும்
போஜராஜ் எழுதினார்: இருநூறு கிலோ பச்சை இலை.
அந்த வாரம் இலை கிலோவுக்கு ரெண்டு ரூபாய் இறங்கிற்று.
படமும் இறங்கிற்று.
சீட்டை மாற்றமாட்டேன் என்றார்,
ஏறும்போது பார்த்துக்கலாம்.

ஞாயிறு, மணி மூன்று.
வந்தார்கள். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள்.
நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று
பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று,
போண்டா, டீ,
கிளம்பலாம் என்று கீழே போனவர்கள்
திரும்ப மேலே ஓடி வந்தார்கள்.

கேட்டில் காட்டுமாடு.
ஒற்றை ஆள், கறுப்பு மலை,
வெள்ளைக் காலுறை நாலு.
பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"அதுவாப் போயிரும் சார்."

போகவில்லை.
நாற்பது பேர், ஆறு குண்டு பல்பு,
செய்வதற்கு ஒன்றுமில்லை, படம் பார்ப்பதைத் தவிர.

இரண்டாவது சுற்றில்
இது நம்ம தண்ணித் தொட்டி இல்ல? என்றார் ஒருவர்.
கோழிக்கு ஏன் மூணு கால் என்று ஒரு பையன் கேட்டான்.
அது ஓடுகிறது என்றாள் ஸ்டெல்லா.
பையன் மண்டியிட்டு எண்ணிவிட்டு
அப்ப நாலு வேணும் என்றான்.

மூன்றாவது சுற்றில் மெர்சி அக்காவின் குரல்.
"இது என் வீட்டுக் கொடி. இது என் பாவாடை.
கிழிசலையுமா வரையணும்?"
மாடி அமைதியானது.
பிள்ளை கிறுக்கினது என்று சொல்வாள் என்று நினைத்தேன்.
யோகேஸ்வரி இடுப்புப் பிள்ளையைத் தூக்கி
மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.
"கிழிசல்தான்க்கா எனக்கு நல்லா வந்துச்சு."

மெர்சி அக்கா கிட்டப் போனாள். விலகினாள்.
மறுபடியும் போனாள்.
"அதைத் தைச்சாச்சு," என்றாள்,
"அதையும் வந்து வரை."

மாடு எப்போது போனது என்று தெரியாது.
எட்டு மணிக்கு ஷாஹுல் எட்டிப்பார்த்தபோது
கேட் காலியாக இருந்தது.
அவர் உடனே யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு மீட்டர் பார்த்தேன்.
நாலு வருஷமாக நானே பூஜ்யம் எழுதிய அட்டை.
மூன்று யூனிட் என்று எழுதினேன்.
அதன் முதுகில், அந்தக் காத்திருப்பில் வரைந்த மாடு.
ஒரு கொம்புக்கு
இடம் போதவில்லை.